அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: நாங்களும் ஸ்கேன் எடுக்கணுமா?

அப்பாவுக்கு 76 வயது. போன மாதம் நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு 54, முப்பது வருஷமாகத் தினம் ஒரு கட்டு பீடி. எனக்கு 45, புகைத்ததே இல்லை. இரண்டு பேரும் ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்? (குலசேகரம்)

அண்ணன் கட்டாயம் எடுக்கட்டும். 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, தினம் 20 சிகரெட் வீதம் 20 வருஷம் புகைத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். புகையை விட்டு 15 வருஷம் ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும். பீடி ஒன்றும் சாதுவானதில்லை. பெற்றவர்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 2011ல் வெளியான பெரிய ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது.

உங்களுக்கு இப்போது வேண்டாம். அதே ஆய்வில் சந்தேகம் காட்டிய ஸ்கேன்களில் நூற்றுக்கு 96 வெறும் பயமாகவே முடிந்தன. நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பும் கட்டி போலத் தெரியும். அதை உறுதி செய்ய நெஞ்சில் ஊசி குத்திச் சதை எடுப்பது வரை போகும். அப்புறம், ஸ்கேன் நார்மல் என்றதும் ‘ஒண்ணுமில்ல’ என்று அடுத்த கட்டைப் பிரிக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அண்ணனைப் பீடியை விட வையுங்கள்.

மாமியாருக்கு இந்த நோய். அவர் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம். சரிதானா? (குளச்சல்)

இன்றைக்கே சேர்த்து வையுங்கள். புற்றுநோய் ஒட்டாது. தள்ளி வைக்கப்பட்டவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எங்கள் ஊர் மணலில் கதிர்வீச்சு என்கிறார்களே? (மணவாளக்குறிச்சி)

மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல்தான். இதே மாதிரி மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருஷம் கவனித்த ஆய்வு 2009ல் வந்தது. கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணலுக்காக மட்டும் ஸ்கேன் தேவையில்லை.

கணவருக்கு இந்த நோய். எனக்கும் ஒரு மாதமாக இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். (தக்கலை)

அம்மா, ஸ்கிரீனிங் என்கிற முன்கூட்டிய பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கு. உங்களுக்கு இருமல் இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை; அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதிலும் தெரியாமல் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம், குரல் கம்மல், எடைக் குறைவு இருந்தாலோ சி.டி. எடுக்க வேண்டும், எக்ஸ்ரேயில் சின்னக் கட்டி தப்பிவிடும். கணவரைக் கவனிக்கிற அவசரத்தில் தள்ளிப்போடாமல், பழைய எக்ஸ்ரே படத்தோடு இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.