அடிகுழாய் மேடையில் ஒரு வசனம்

அன்புள்ள ஐயா,

திருச்செங்கோட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி தொழில். ஒரு கிறிஸ்தவ உதவி அமைப்பின் சார்பில் உகாண்டாவின் யும்பே மாவட்டத்துக்கு, தென் சூடான் அகதிகள் வாழும் பிடிபிடி குடியிருப்பில் குடிநீர்ப் பணிக்குச் செல்கிறேன். உள்ளூர் மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அடிகுழாய் மேடைகளில் வேதவசனம் பொறிக்க வேண்டும், திறப்பின்போது சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்கிறார்கள் எங்கள் சபைப் பெரியவர்கள். செய்யாவிட்டால் ஆண்டவரை மறுதலித்ததாகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆகாது. வசனம் பொறிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

காங்கேயம் பக்கம் எங்கள் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், ஊரில் ஓர் அடிகுழாய் இருந்தது. 'ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்' என்று அதன் மேடையில் செதுக்கியிருந்தார்கள். உள்ளேயிருந்த தோல் வாசர் தேய்ந்துபோன ஒரு கோடையில், கைப்பிடியை எத்தனை முறை அடித்தாலும் காற்றுதான் வந்தது. பெண்கள் குடத்தோடு தோட்டத்துக் கிணறுகளுக்கு நடந்தார்கள். குழாய் போட்டுக்கொடுத்தவர்கள் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. வசனம் மட்டும் எழுத்துக் கலையாமல் இருந்தது.

நீங்கள் அங்கே கையாளப்போகும் யு2, யு3 குழாய்கள் நம் இந்தியா மார்க் 2, மார்க் 3 வகைகளைப் பின்பற்றியவை. மார்க் 2 வகைக்கு முன்னோடி சோலாப்பூர்க் குழாய். அதற்கும் முன்பே மகாராஷ்டிராவின் ஜால்னாவில் மிஷன் பணியாளர்கள் உறுதியான கைக்குழாய் ஒன்றைச் செய்திருந்தார்கள். அவர்களுடைய விசுவாசத்தை அந்த இரும்பில் பார்க்கலாம் என்பேன். மார்க் 2 பழுதானால் நிலத்துக்குள் இறங்கியிருக்கும் குழாய் வரிசை முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வெளியூரிலிருந்து வர வேண்டும். 1980களில் நம் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த கள ஆய்வுகளின் வழியே உருவான மார்க் 3இல் அந்த உள்குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கியதால், பிஸ்டனை மட்டும் மேல்வழியே உருவியெடுத்து ஊர்க்காரர்களே வாசர் மாற்றிக்கொள்ள முடிகிறது. வந்து உதவியவரைப் பிறகு தேடிப்போக வேண்டாத நிலையை ஊருக்கு உண்டாக்கிக் கொடுப்பதுதான், என் கணக்கில், பிறனை நேசிப்பது.

திறப்பு விழாவில் பிரசங்கம் செய்வதில் எனக்குள்ள தயக்கம் வேறு. தண்ணீருக்காக வரிசையில் நிற்பவர், கேட்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு விலகிப் போக முடியாது. போக முடியாதவரிடம் சொல்வது சாட்சியாகாது. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் உதவி அமைப்புகளும் வகுத்த நடத்தை நெறி, உதவியை மதக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்கிறது. அதை முன்னெடுத்தவர்களில் கத்தோலிக்க காரிதாஸும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு என்பதைச் சபைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதற்காக நீங்கள் யாரென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று ஒருவர் தேநீர் கொடுத்துக் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். அங்கே பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் கடவுளைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் அல்லர்.

யோவான் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யாக்கோபின் கிணற்றருகே, தம் மக்கள் பழகாத சமாரியப் பெண்ணிடம், 'தாகத்துக்குத் தா' என்று முதலில் கேட்டவர் இயேசுதான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் அந்த ஊர்ப் பெண்களிடம் எந்த மாதத்தில் ஊற்று இறங்கும், எந்த இடத்துத் தண்ணீர் உப்புக்கரிக்கும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வாசரும் பிற உதிரிபாகங்களும் அங்கே எந்தக் கடையில் கிடைக்கும், பழுதுபார்க்க யாருக்குப் பயிற்சி தருவீர்கள் என்று உங்கள் அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் தெரிவியுங்கள்.