வாசகர் கேள்விகள்: சண்டை போட்டே வளர்ந்த சபை

கேள்வி: அமெரிக்க வரலாற்றைப் படித்தால் ஒரு பக்கத்தில் புராட்டஸ்டண்ட் என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் பிரஸ்பிட்டேரியன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: புராட்டஸ்டண்ட் ஒரு பெரிய குடும்பம், பிரஸ்பிட்டேரியன் அதில் ஒரு பங்காளி. பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், எபிஸ்கோபல் எல்லாம் மற்றப் பங்காளிகள். பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் போதனை ஜான் நாக்ஸ் என்ற போதகர் மூலம் ஸ்காட்லாந்தில் வேர் பிடித்து, அங்கிருந்தும் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்தும் கப்பலேறி அமெரிக்கா வந்தது. இவர்களுக்குப் பேராயர் கிடையாது, அதற்காக ஒவ்வொரு சபையும் தன்னிஷ்டப்படி நடக்கவும் முடியாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் உள்ளூர்ச் சபையை நடத்துவார்கள், அதற்கு மேலே வட்டாரச் சபைகளின் கூட்டமைப்பான பிரஸ்பிட்டரி, அதற்கும் மேலே பல பிரஸ்பிட்டரிகள் சேர்ந்த சினாடு, உச்சியில் பொதுப் பேரவை. எதற்கெடுத்தாலும் தீர்மானம், ஓட்டெடுப்பு, அப்பீல்தான்.

கேள்வி: அந்தச் சபைச் சட்டத்தைப் பார்த்துத்தான் அமெரிக்க அரசியல் சாசனத்தையே எழுதினார்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் போதாது. அரசியல் சாசனம் பிலடெல்பியாவில் 1787-இல் எழுதப்பட்டது. அதே ஊரில் 1788-இல் பிரஸ்பிட்டேரியன்கள் தங்கள் சபைச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். இரண்டும் படிப்படியான அமைப்பு, இரண்டிலும் பிரதிநிதிகள், ஆகவே ஒன்றைப் பார்த்து மற்றது வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்திலிருந்து 1768-இல் வந்து நியூ ஜெர்சி கல்லூரிக்கு, அதாவது இன்றைய பிரின்ஸ்டனுக்கு, தலைவரானவர் ஜான் விதர்ஸ்பூன். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அப்போது ஊழியத்தில் இருந்த ஒரே போதகர் அவர்தான். அரசியல் சாசனத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த ஜேம்ஸ் மாடிசன் அவருடைய மாணவர். மனிதன் பாவி, அவனிடம் அதிகாரத்தை மொத்தமாகக் கொடுக்கக் கூடாது என்ற கால்வினிய எண்ணம் மாடிசனின் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் மாடிசன் படித்தது விதர்ஸ்பூனிடம் மட்டுமல்ல, அவர் வாசித்த நூல்களின் பட்டியல் நீளம்.

என்னைக் கேட்டால் அந்த 1788 கூட்டத்தில் கவனிக்க வேண்டியது வேறு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதிய, பிரஸ்பிட்டேரியன்களின் அடிப்படைக் கொள்கை ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கள்ளப் போதனையை அடக்குவதும் சினாடுகளைக் கூட்டுவதும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று சொல்கிறது. அமெரிக்கர்கள் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, எந்தச் சபைப் பிரிவுக்கும் சலுகை காட்டாமல் எல்லாவற்றையும் அரசு காக்க வேண்டும் என்று திருத்தி எழுதினார்கள். ஏன் தெரியுமா? அடி வாங்கிய அனுபவம். 1706-இல் பிலடெல்பியாவில் முதல் பிரஸ்பிட்டரியைக் கூட்டிய பிரான்சிஸ் மெக்கெமி, அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஒரு வீட்டில் பிரசங்கம் செய்தார் என்று கைதானார். உரிமம் வாங்கவில்லையாம். ஆளுநர் கார்ன்பரி பிரபு அவரை உள்ளே போட்டார், ஜூரி விடுதலை செய்தது, ஆனாலும் வழக்குச் செலவை விடுதலையான மெக்கெமியின் தலையிலேயே கட்டினார்கள்! சர்ச்சும் சர்க்காரும் தனித்தனியாக இருக்கட்டும் என்ற எண்ணம் தத்துவ நூல்களிலிருந்து மட்டும் வரவில்லை, இப்படிப்பட்ட பில்களிலிருந்தும் வந்தது.

கேள்வி: இவ்வளவு சுதந்திரம் பேசியவர்கள் அடிமை முறையை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்?

பதில்: தீர்மானம் போட்டுக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள். 1818-இல் பொதுப் பேரவை, அடிமை முறை மனித உரிமையை அப்பட்டமாக மீறுவது என்று கடுமையாகக் கண்டித்தது. அதே பேரவை, அடிமைகளை வைத்திருப்பவர்களைச் சபையில் சேர்க்கவே கூடாது என்று பேசிய விர்ஜினியா போதகர் ஜார்ஜ் போர்ன் பதவி நீக்கப்பட்டதையும் உறுதி செய்தது. காகிதத்தில் கண்டனம், நடைமுறையில் சமாதானம். தெற்கே ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல் இதற்கு ஒரு கொள்கையே வகுத்தார்: சபை ஆவிக்குரியது, வேதம் கண்டிக்காத சமூக விஷயத்தில் அது வாய் திறக்கக் கூடாது. வசதியான மௌனம் என்பேன்.

உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் தெற்கத்திச் சபைகள் பிரிந்து, அந்த டிசம்பரில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் தனிப் பேரவை கூட்டின. கூட்டம் நடந்த ஆலயத்தின் போதகருக்கு ஐந்து வயதை எட்டப்போகும் மகன் ஒருவன் இருந்தான். பிற்காலத்தில் ஜனாதிபதியான உட்ரோ வில்சன் அவன்தான். அந்தப் பிளவு 1983 வரை நீடித்தது.

போர் முடிந்த பின் கென்டக்கியின் லூயிவில் நகரில் வால்நட் தெரு ஆலயம் இரண்டு பட்டது. அடிமை முறையை ஆதரித்தவர்கள் மனம் வருந்தினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பொதுப் பேரவை சொல்ல, ஒரு கூட்டம் ஏற்றது, ஒரு கூட்டம் முறைத்தது, கட்டடம் எங்களுக்குத்தான் என்று இரண்டும் கோர்ட்டுக்குப் போயின. சபையின் உச்ச அமைப்பு எந்தத் தரப்பை ஏற்கிறதோ அதற்கே ஆலயம், உபதேசத்தில் யார் சரி என்று நீதிமன்றம் பார்க்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாட்சன் எதிர் ஜோன்ஸ் என்ற அந்த வழக்கை மதச் சுதந்திரச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். அடிமையாகப் பிறந்து பிரஸ்பிட்டேரியன் போதகரான ஹென்றி ஹைலண்ட் கார்னெட், 1865 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் பிரசங்கம் செய்தார். அங்கே அப்படிப் பேசிய முதல் கறுப்பினத்தவர் அவர்.

கேள்வி: பரிணாமக் கொள்கையை எதிர்த்தவர்களும் இவர்கள்தானே?

பதில்: எதிர்த்தவர்களும் இவர்கள், ஏற்றவர்களும் இவர்கள். டார்வினியம் நாத்திகமே என்று 1874-இல் எழுதிய சார்லஸ் ஹாட்ஜ் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிப் பேராசிரியர். அதே கல்லூரியில் அவருக்குப் பின் வந்த வார்ஃபீல்டோ, வேதம் பிழையற்றது என்பதில் உறுதியாக நின்றபடியே பரிணாமத்துக்கு இடம் கொடுத்தார். 1925-இல் டென்னசியின் டேட்டனில், பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மீது நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஒரு பிரஸ்பிட்டேரியன் மூப்பர். இரண்டு வருஷம் முன்புதான் பொதுப் பேரவைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றிருந்தார். யாரிடம்? பரிணாமம் கற்றுக்கொடுத்த ஒரு கல்லூரியின் தலைவரிடம்.

கேள்வி: அமெரிக்கக் கொடி உறுதிமொழியில் கடவுள் ஆரம்பத்திலிருந்தே உண்டா?

பதில்: இல்லை. 1892-இல் அதை எழுதிய பிரான்சிஸ் பெல்லமி பாப்டிஸ்ட் போதகர்தான், ஆனால் கடவுளைச் சேர்க்கவில்லை. 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனில், லிங்கன் வழிபட்டுவந்த நியூயார்க் அவென்யூ பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில், ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் டாக்கர்ட்டி பிரசங்கம் செய்தார். இந்த உறுதிமொழியை மாஸ்கோப் பிள்ளைகளும் தங்கள் கொடியைப் பார்த்து அப்படியே சொல்லலாமே, இதில் அமெரிக்காவுக்கென்று என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஜனாதிபதி ஐசனோவர். பதவியேற்ற பிறகுதான் ஞானஸ்நானம் வாங்கி பிரஸ்பிட்டேரியன் ஆனவர். ஜூன் 14-இல் ‘கடவுளின் கீழ்’ என்பது சட்டமாகிவிட்டது.

கேள்வி: இன்றும் அமெரிக்க அதிகாரத்தில் இவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறதா?

பதில்: அந்தக் காலம் போயிற்று. 1983-இல் வடக்கும் தெற்கும் இணைந்தபோது அந்தச் சபையில் 30 லட்சத்துக்கு மேல் அங்கத்தினர்கள் இருந்தார்கள், இப்போது அதில் பாதிகூட இல்லை. 2010-இல் நீதிபதி ஸ்டீவன்ஸ் ஓய்வு பெற்றபோது உச்ச நீதிமன்றத்தில் பிரஸ்பிட்டேரியன் என்ன, ஒரு புராட்டஸ்டண்ட்கூட மிஞ்சவில்லை. மற்ற எட்டுப் பேரும் கத்தோலிக்கர்கள் அல்லது யூதர்கள்.