பழைய ஐபிஎம் கீபோர்டை யூஎஸ்பி-யில் ஓட்டுவது எப்படி: கேள்வி பதில்

பழைய கீபோர்டுக்கு யூஎஸ்பி கன்வெர்ட்டர் கட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் போடுகிறேன். பெரும்பாலும் ஐபிஎம் மாடல் எஃப், மாடல் எம் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கே: அண்ணா, கடையில் சின்னதாக ஊதா நிற பிஎஸ்/2 (பழைய கணினிகளின் வட்ட கீபோர்டு பிளக்) அடாப்டர் விற்கிறார்களே, அதைச் செருகினால் வேலை முடிந்ததா?

முடியாது. அதற்குள் வெறும் ஒயர்தான், சிப் எதுவும் கிடையாது. யூஎஸ்பி, பிஎஸ்/2 இரண்டும் தெரிந்த கீபோர்டுகளுக்காக வந்தது அது. மாடல் எம்மில் ஏ விசையை அழுத்தினால் 1சி என்று ஒரு குறியீடு வரும், விரலை எடுத்தால் எஃப்0 1சி. யூஎஸ்பி-யில் அதே ஏ விசைக்கு எண் 04. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்தே ஆக வேண்டும், அந்த வேலைக்குத்தான் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன சிப்.

கே: என்னிடம் ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இருக்கிறது, போதுமா சார்?

அதை விட்டுவிடுங்கள். ஊனோ ஆர்3 வரையிலான போர்டுகளின் முக்கிய சிப்புக்கு நேரடி யூஎஸ்பி இல்லை, சுற்றி வளைத்துச் செய்யலாம், ஆனால் எதற்கு அந்தத் தலைவலி. ஏடிமெகா32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ வாங்குங்கள், 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ் வகையாகப் பார்த்து, ஏனென்றால் 3.3 வோல்ட் வகையும் அதே தோற்றத்தில்தான் வரும். ராஸ்பெர்ரி பை பிகோவும் 3.3 வோல்ட்தான், கீபோர்டின் 5 வோல்ட் சிக்னலை நேராக அதில் கொடுக்காதீர்கள், நடுவில் வோல்டேஜை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் போடுங்கள்.

கே: ஐந்து பின் வட்ட பிளக் இருக்கிறது. எந்த ஒயர் எது?

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அரைவட்டமாக நிற்கும் அந்த ஐந்து பின்களின் எண் 1, 2, 3 என்று வரிசையாகப் போகாது, 1-4-2-5-3 என்று போகும். 1 கிளாக் (நேரம் சொல்லும் சிக்னல்), 2 டேட்டா (விசைக் குறியீடு போகும் ஒயர்), 4 கிரவுண்ட், 5-இல் ஐந்து வோல்ட். 3 பழைய எக்ஸ்டி வகையில் (ஐபிஎம்மின் முதல் பிசி காலத்துக் கீபோர்டுகள்) ரீசெட், அதற்குப் பின் வந்த ஏடி வகையில் பயன்படுவதில்லை. அதோடு பிளக்கை முன்னாலிருந்து பார்ப்பதும் சாக்கெட்டைப் பார்ப்பதும் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடவலம் மாறிவிடும், அதனால் படத்தை நம்பி நேரே சால்டர் பண்ணாமல் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து ஒவ்வொரு ஒயரையும் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டேட்டாவும் கிளாக்கும் இடம் மாறினால் கீபோர்டு பேசாது, அவ்வளவுதான். ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் கீபோர்டே போய்விடலாம்.

கே: கட்டி முடித்துவிட்டேன், எழுத்தே வரவில்லை.

மின்சாரம் வந்ததும் மாடல் எம்மின் மூன்று விளக்குகளும் ஒரு தடவை மின்னி அணைகிறதா? மின்னினால் பவர் சரி, கோளாறு டேட்டா, கிளாக் பக்கம்தான். ஃபர்ம்வேர், அதாவது புரோ மைக்ரோவில் ஏற்றிய நிரல், எந்தப் பின்னில் எதை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள்.

கே: என்னுடையது 83 விசை உள்ள மாடல் எஃப். ஏடி கன்வெர்ட்டர் ஒத்துவருமா?

ஒத்துவராது. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த எக்ஸ்டி வகை அது. பிளக் ஒன்றேதான், பேச்சு வேறு. கீபோர்டு மட்டும் பேசும், கணினி சொல்வதைக் கேட்காது, குறியீடும் வேறு: ஏ அழுத்தினால் 1இ, விட்டால் 9இ. டிஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேரின் ஐபிஎம்பிசி கன்வெர்ட்டரைப் போடுங்கள், எக்ஸ்டி, ஏடி, பிஎஸ்/2 எதுவென்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சோரர்ஸ் கன்வெர்ட்டர் என்ற இன்னொரு ஃபர்ம்வேரும் நன்றாக ஓடும், ஆனால் அதன் மூலநிரல் வெளியே இல்லை, எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்.

கே: விண்டோஸ் விசை இல்லையே?

மாடல் எம் 1985-ஆம் வருட வடிவமைப்பு, 101 விசைதான். கேப்ஸ் லாக்கை விண்டோஸ் விசையாக ஃபர்ம்வேரிலேயே மாற்றிவிடுங்கள்.

கே: தமிழ்99-இல் அடிக்கலாமா?

தாராளமாக. எந்த விசை என்பதை மட்டும்தான் கீபோர்டு சொல்கிறது, எழுத்தைத் தீர்மானிப்பது கணினி.

கே: ஆப்பிளின் பழைய ஏடிபி (யூஎஸ்பி-க்கு முன் மேக் கணினிகளில் இருந்த இணைப்பு) கீபோர்டுக்கு?

அதே புரோ மைக்ரோ போதும், ஃபர்ம்வேர் வேறு. டேட்டாவுக்கு ஒரே ஒரு ஒயர்தான், அதற்கும் ஐந்து வோல்ட்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். கேபிள் தொலைந்திருந்தால் எஸ்-வீடியோ கேபிள் அதில் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கீபோர்டைப் பிடுங்கிச் செருகாதீர்கள், அதற்காகச் செய்த இணைப்பு இல்லை அது.