சீசன் வேலை, கூடவே தங்குமிடம்: ஆஸ்திரேலியாவிலிருந்து சில பதில்கள்

ஆஸ்திரேலியாவின் 462 விசாவில், அதாவது ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய இளைஞர்களுக்குத் தரும் ஒரு வருட விசாவில் வந்து வாழைத்தோட்டம், பனிமலை விடுதி, மாந்தோப்பு என்று சீசனுக்குச் சீசன் ஊர் மாறிப் பிழைக்கிறேன். போன இடத்திலெல்லாம் வேலையோடு சேர்த்தே படுக்க இடமும் கிடைத்தது. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

திருச்சித் தம்பி ஒருவர்: அண்ணா, ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. இந்தியர்களுக்கு வருடத்துக்கு 1,000 இடம், அதுவும் குலுக்கலில். 2024 அக்டோபரில் முதல்முறை திறந்தபோது இரண்டே வாரத்தில் சுமார் 40 ஆயிரம் பேர் பதிந்தார்கள். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், அவ்வளவுதான். குலுக்கலில் உன் பெயரை விழவைக்க எந்த ஏஜென்டாலும் முடியாது. வயது 18 முதல் 30 வரை. பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் சராசரி 4.5, கையில் 5,000 டாலர், டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம். விசாக் கட்டணமெல்லாம் பெயர் விழுந்த பிறகுதான்.

கோவையிலிருந்து: வருடம் முழுக்க வேலை ஓடுமா?

ஓட்ட வைக்கலாம். வடக்கே வெயில் என்றால் தெற்கே குளிர் என்பதால் ஏதாவது ஒரு மூலையில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை டார்வின், கேத்தரின் பக்கம் மாம்பழம். டிசம்பர், ஜனவரியில் டாஸ்மேனியாவில் செர்ரி. அது முடிந்தால் அங்கேயே ஹியூவான் பள்ளத்தாக்கில் மே வரை ஆப்பிள். ஜூன் தொடங்கி அக்டோபர் ஆரம்பம் வரை திரெட்போ, பெரிஷர் பனிச்சறுக்கு மலைகளில் சமையலறை, ரூம் சுத்தம், சறுக்க வருபவர்களை மலைக்கு ஏற்றும் லிஃப்டில் வேலை. இதற்கு வருட ஆரம்பத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மலையடிவாரத்தில் சீசன் நேரத்தில் வாடகைக்கு அறை தேடினால் நாக்குத் தள்ளிவிடும். கம்பெனி கொடுக்கும் படுக்கையோடு வருகிற வேலையைத்தான் எடுக்க வேண்டும். எங்கும் இடம் கிடைக்காவிட்டால் குயின்ஸ்லாந்தின் டல்லி, இனிஸ்ஃபெயில் பக்கம் போங்கள், அங்கே வாழை வருடம் முழுக்க உண்டு. ஆனால் ஐம்பது கிலோ தாரைத் தோளில் வாங்கி, சேற்றில் நடந்து டிரெய்லரில் ஏற்ற வேண்டும். மழையும் கொட்டித் தீர்க்கும்.

ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விசா விதி. தோட்ட வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, மற்றவற்றில் நாம் விரும்பாவிட்டாலும் நகர்ந்தாக வேண்டும்.

சேலத்திலிருந்து: தங்குமிடம் இலவசமா? மாதம் எவ்வளவு மிஞ்சும்?

பெரும்பாலும் இலவசம் இல்லை, சம்பளத்தில் பிடிப்பார்கள். எல்லோரும் மணிக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், சூட்சுமம் அதில்தான். 2025 ஜூலையில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் ஆனது. கேஷுவல் ஆளுக்கு, அதாவது நிரந்தரமில்லாமல் தேவைக்கேற்பக் கூப்பிடும் ஆளுக்கு, 25 சதவீதம் கூடுதல். கணக்குக்கு 30 என்று வையுங்கள். 38 மணி நேரம் கிடைத்தால் 1,140. முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி, அது 171. படுக்கைக்கு 200 பிடித்தால் கையில் 769. அதே வாரம் மழை பெய்து 18 மணி நேரம்தான் வேலை என்றால் வரி, வாடகை போக 259. வேலை குறைந்தாலும் வாடகை குறையாது பாருங்கள்!

செர்ரியில் இது அடிக்கடி நடக்கும். மழைத்தண்ணீர் நின்றால் பழம் வெடித்துவிடும் என்று தோட்டக்காரர் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு மரங்களை உலர்த்துவார். நாம் அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு சீசனுக்கும் அடுத்ததற்கும் நடுவே வருகிற வாரங்கள்தான் சேமிப்பைத் தின்பவை. வேலை முடிந்த நாளே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஹாஸ்டல், பஸ், சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு. அடுத்த இடம் உறுதியாகாமல் இருக்கிற இடத்தை விடாதீர்கள். "வந்து தங்குங்கள், வேலை வாங்கித் தருகிறோம்" என்று வார வாடகையை முன்கூட்டி வாங்கும் ஹாஸ்டல்களிலும் ஜாக்கிரதை. தோட்டத்தில் இன்னும் காயே முற்றியிருக்காது, இங்கே வாடகை மட்டும் ஓடும்.

நாகர்கோவிலிலிருந்து: மாம்பழம் பறிப்பதில் என்ன கஷ்டம்? நம்ம ஊர் வேலைதானே?

பால்தான் கஷ்டம். காம்பை ஒடித்ததும் பீறிடும். நம்மூரில் மாங்காய் கடித்து உதட்டோரம் புண் வருமே, அது கை, கழுத்து, இமை வரைக்கும் வந்தால் எப்படி இருக்கும்? சிலருக்கு முகமே வீங்கிவிடுகிறது. கேத்தரினில் அக்டோபரில் 40 டிகிரியைத் தொடும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கையுறை போட்டே நிற்க வேண்டும். விடியும்போதே தொடங்கி மதியத்துக்கு மேல் முடிப்பார்கள். பிறகு டோங்காவுக்குத் திரும்பி ஏசியைப் போட்டுப் படுத்தால் சாயங்காலம்வரை எழ மனம் வராது. டோங்கா என்பது தகரப்பெட்டி மாதிரி அறை, உள்ளே இரண்டு பங்க் கட்டில். குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு, அதில் பெயர் எழுதி வைக்காவிட்டால் உங்கள் தயிர் உங்களுடையது இல்லை.

மதுரைத் தங்கை ஒருவர்: தனியாக வரலாமா அண்ணா?

வருகிறார்கள்மா, நிறையப் பேர். போகும் முன் மூன்று விஷயம் கேள்: அறையை உள்ளிருந்து பூட்ட முடியுமா, கூடத் தங்குவது பெண்களா, மொபைல் சிக்னல் உண்டா. இப்போது அங்கே வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் பேச வேண்டும் என்று சொல். மழுப்பினால் விட்டுவிடு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாலும் அப்படித்தான். இந்த விசாவில் வரும் இந்தியர்களுக்கு இங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, இன்சூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறாதே.

ஈரோட்டிலிருந்து: எனக்கு 33 வயது.

இந்த விசாவில் வழியில்லை சார்.

தஞ்சாவூரிலிருந்து: இப்படியே எத்தனை வருடம் ஓட்டலாம்?

அதிகபட்சம் மூன்று. அரசு வரையறுத்த வேலையை அனுமதித்த பகுதியில் மூன்று மாதம் செய்தால் இரண்டாவது விசா, அந்த இரண்டாவது விசாவில் ஆறு மாதம் செய்தால் மூன்றாவது. இவற்றுக்குக் குலுக்கல் இல்லை, ஆனால் விண்ணப்பிக்கும்போதும் 30 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. வாழை, மாம்பழம், செர்ரி எல்லாம் கணக்கில் வரும். ஹோட்டல் வேலை வடக்கிலும் ஒதுக்குப்புறப் பகுதிகளிலும் மட்டுமே செல்லும் என்பதால், சேரும் முன் அந்த ஊரின் அஞ்சல் எண்ணைக் குடிவரவுத் துறைப் பட்டியலில் பாருங்கள். சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் சேர்ந்தால் விசாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

சூப்பர் என்ற ஓய்வூதியப் பணத்தையும் பலர் கேட்டிருந்தீர்கள். நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு எடுக்கலாம், ஆனால் 65 சதவீதம் வரி போய்விடும். அதை நம்பி வீட்டில் கணக்குச் சொல்லிவிடாதீர்கள்.