ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று யார் சொன்னது?

கேள்வி: நான் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கத்தில் ஆயுள் உறுப்பினர். சில ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகிறேன். சங்கத்தில் மூன்று தேர்தலாக அதே ஆட்கள்தான். பத்தில் ஒருவர்கூட ஓட்டுப் போடுவதில்லை. உதவித்தொகை நிதி எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று கேட்டால் ஆண்டறிக்கையைப் பாருங்கள் என்கிறார்கள். அதைப் பார்த்தால் ஒன்றும் புரிவதில்லை. என் மனைவியும் அதே பல்கலைக்கழகம், அதே ஆண்டு. கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவள். போன வருட அறிக்கையைப் புரட்டியவள், 'இதர செலவுகள்' என்ற வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுச் சிரித்தாள். (ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர் போதும் என்று அவளைச் சேர்க்கவில்லை.) குழுவில் இருப்பவர்கள் எனக்கு சீனியர்கள், நன்றாகப் பழகியவர்கள். அவர்களோடு மோத முடியாது. அடுத்த தேர்தலில் எல்லோரும் ஓட்டுப் போடும்படி, மனசைத் தொடுகிற மாதிரி ஒரு வேண்டுகோள் எழுதித் தர முடியுமா? தொடர்ந்து ஓட்டுப் போடாதவர்களின் உறுப்பினர் உரிமையை ரத்து செய்யச் சொல்லலாமா?
– ஓர் ஆயுள் உறுப்பினர்

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சங்கத்தின் பெயர் மட்டும் மாறும். அதே ஆட்கள், அதே புரியாத அறிக்கை, 'யாருமே வருவதில்லை' என்ற அதே புலம்பல். உங்கள் அக்கறையைப் பாராட்டி நாலு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத் தாண்டி, அடைப்புக்குறிக்குள் போட்டு மறைத்தாற்போல எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்கு நேராக வருகிறேன்.

ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர் போதும் என்று யார் முடிவு செய்தது? சங்க விதியில் அப்படி இருக்கிறதா? இருக்காது. உங்கள் மனைவி தனியாகப் பரீட்சை எழுதினார், தனியாகத் தேறினார், மேடை ஏறித் தன் பெயருக்குப் பட்டம் வாங்கினார். கல்யாணம் அந்தப் பட்டத்தை ரத்து செய்துவிடாது. ஊரில் உள்ள பட்டதாரிகள் எல்லாம் ஓட்டுப் போடவில்லையே என்று எனக்குக் கடிதம் எழுதுகிற நீங்கள், உங்கள் வீட்டிலேயே ஒரு பட்டதாரியின் ஓட்டை இத்தனை வருடமாக இல்லாமல் செய்திருக்கிறீர்கள். சந்தா மிச்சம் என்று நினைத்திருப்பீர்கள். குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பது என்று நம்புகிறவள் நான். ஒருவருக்காக இன்னொருவர் காணாமல் போவதை நான் குடும்பம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டில் நடந்ததை உங்கள் வகுப்பில் படித்த மற்றவர்கள் வீட்டுக்கும் பெருக்கிப் பாருங்கள். கடைசி வருடம் எடுத்த குரூப் போட்டோ எங்காவது இருக்கும். அதையும் சங்கத்தின் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு ஒருத்திக்குப் பெயர் மாறியிருக்கும். இன்னொருத்திக்கு நாடே மாறியிருக்கும். வேறொருத்தி பட்டியலில் இருப்பாள், ஆனால் முகவரிப் பகுதியில் மாணவியாக இருந்தபோது தங்கிய விடுதியின் அறை எண்தான் இன்னும் இருக்கும். தேர்தல் அறிவிப்பு அந்த அறைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. 'ஓட்டுப் போடாதவர்கள்' என்று நீங்கள் திட்டுகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தேர்தல் நடப்பதே தெரியாது. இவர்களுடைய உறுப்பினர் உரிமையையா பறிக்கச் சொல்கிறீர்கள்?

பழைய பட்டதாரிகளுக்கு ஓட்டுப் போட அலுப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1897-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது தெரியுமா? பெண்கள் பல ஆண்டுகளாக அங்கே ஆண்களுக்குச் சமமாகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆனால் பட்டம் கிடையாது. பெயரளவுக்காவது பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். எம்.ஏ. பட்டம் வைத்திருந்த பழைய மாணவர்களுக்கு அதில் ஓட்டு உண்டு. அவர்கள் வந்து இறங்குவதற்காக லண்டனிலிருந்து தனி ரயில்கள் விடப்பட்டன. சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் போல ஒரு பொம்மை செய்து தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுக்கக் கூடாது என்ற பக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948-ல். முன்னாள் மாணவர்களுக்கு ஓட்டுப் போட வர மனசு இருந்தது, ரயில் ஏறி வரவும் தெம்பு இருந்தது. அந்த ஓட்டில் தங்களுடையது ஏதோ அடங்கியிருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள், அதனால் வந்தார்கள். நினைத்தது அநியாயம் என்பது வேறு விஷயம். உங்கள் சங்கத் தேர்தலில் அப்படி என்ன அடங்கியிருக்கிறது என்று யாராவது உறுப்பினர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

சொல்ல மாட்டார்கள். ஏன் என்று தெரிய, விதிப் புத்தகத்தை எடுத்துக் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, பற்றிய பகுதியைப் படியுங்கள். பல சங்கங்களில் இப்படி ஒரு விதி இருக்கும்: குறித்த நேரத்தில் கோரம் சேராவிட்டால் கூட்டம் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்படும், அதன் பிறகு வந்திருப்பவர்களே போதும். கூட்டமே நடக்காமல் போய்விடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் நடப்பது என்ன? பத்து மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்பு வரும். பத்து மணிக்கு நிர்வாகிகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் மட்டும் இருப்பார்கள். பத்தரைக்கு 'ஒத்திவைக்கப்பட்ட கூட்டம்' ஆரம்பமாகும். அறிக்கை வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்படும். கணக்கு ஒருமனதாக நிறைவேறும். ஒரு பதவிக்கு ஒரு மனுதான் வந்திருக்கும், ஆகவே போட்டியின்றித் தேர்வு, கைதட்டல். பதினொரு மணிக்கு மாலையோடு போட்டோ. இந்த ஏற்பாட்டில் நீங்கள் வராமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. கூட்டம் வராததை நினைத்து அவர்கள் வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

'சீனியர்களோடு மோத முடியாது' என்கிறீர்கள். கணக்குக் கேட்பது எந்த ஊரில் மோதல்? உங்கள் அண்ணன் குடும்பப் பணத்தைப் பார்த்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பதில்லையா? அப்படிப் பார்க்காத வீடுகளில்தான் பிற்பாடு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. மரியாதை இருப்பதால்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் பேச வேண்டியிருக்கும். இப்போது நீங்கள் என்னிடம் பேசிக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, என்ன கேட்பது? உங்கள் மனைவி பென்சிலால் வட்டமிட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். 'இதர செலவுகள்' என்பது எல்லாக் கணக்கிலும் இருக்கிற வரிதான், அது இருப்பதில் தப்பில்லை. அது பெரிதாக இருக்கும்போதும், வருடா வருடம் வளரும்போதும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று விவரப் பட்டியல் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. அதைவிட முக்கியம் உதவித்தொகை நிதி. குறிப்பிட்ட நோக்கத்துக்கு என்று சொல்லி வாங்கிய நன்கொடையைப் பொதுச் செலவோடு கலக்கக் கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்த நிதியில் எவ்வளவு இருந்தது, இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எத்தனை மாணவர்களுக்கு எவ்வளவு போனது, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று நான்கு வரி தனியாக இருக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்த நான்கு வரி இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்குப் புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. எழுத்தில் கேளுங்கள், கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள், செயலாளருக்கும் பொருளாளருக்கும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு அப்படியே அனுப்புங்கள். நீங்கள் கேட்கிற மனசைத் தொடுகிற வேண்டுகோளைவிட, விடை வராத ஒரு கேள்வி அதிகம் பேரை ஓட்டுப் போட வைக்கும்.

உங்கள் மனைவிக்கும் என் பங்குக்கு ஒரு திட்டு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். அம்மா, தொழிலே தணிக்கையாக வைத்திருக்கிற நீங்கள், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று வாங்கிய பணம் இருக்கிற கணக்கில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, சிரித்து, மூடி வைத்துவிட்டீர்களா? அலுவலகத்தில் அப்படிச் செய்வீர்களா? 'நான்தான் உறுப்பினரே இல்லையே' என்று சொல்ல வேண்டாம். அவர் சேர்க்கவில்லை என்றால் நீங்களே சேர்ந்திருக்கலாம். படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு இடம் கிடையாது.

தேர்தல் நடைமுறைக்கு வருகிறேன். வாக்காளர் பட்டியல் எந்தத் தேதியில் இறுதியாகிறது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் பட்டியலைத் திருத்த உறுப்பினர்களுக்கு நாள் கொடுக்க வேண்டும். இறந்துபோனவர்கள் பெயர் இன்னும் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். அது கிடக்கிற வரைக்கும் நீங்கள் சொல்கிற 'பத்தில் ஒருவர்' கணக்கே சரியில்லை. தேர்தலை நடத்துகிறவர் வேட்பாளராகவோ இப்போதைய நிர்வாகியாகவோ இருக்கக் கூடாது. இது தவிர்க்க முடியாத ஒன்று, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுபடியும் நிற்கிற நிர்வாகி போன முறை எத்தனை குழுக் கூட்டங்களுக்கு வந்தார் என்பதை அவர் பெயருக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். முடிவை அறிவிக்கும்போது யாருக்கு எத்தனை ஓட்டு, எந்தப் படிப்பாண்டிலிருந்து எத்தனை பேர் போட்டார்கள் என்ற எண்களையும் வெளியிடச் சொல்லுங்கள். தங்கள் வருடத்திலிருந்து மூன்றே பேர்தான் என்று தெரிந்தால் பலருக்கு ரோஷம் வரும்.

விதிகளை நன்றாகப் படித்து வையுங்கள், ஏனென்றால் விதிகள் மாறும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழுவை அங்கே பட்டம் பெற்றவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகத்தின் பணம் முதலீடாக இருக்கக் கூடாது என்று சொன்ன முன்னாள் மாணவர்கள், கையெழுத்து வாங்கி மனு மூலம், அந்த ஆட்சியை எதிர்த்துப் போராடிய தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவை நிறுத்தினார்கள். 1989-ல் அவர் ஜெயித்தார். 2020-ல் பருவநிலை மாற்றத்தை முன்வைத்து, அதே மனு வழியில் நின்றவர்களில் மூன்று பேர் ஜெயித்தார்கள். அதே ஆண்டு, அந்த வழியில் வந்தவர்கள் ஒரே சமயத்தில் ஆறு பேருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது என்று அங்கே வரம்பு வைத்துவிட்டார்கள். 2021-ல் அமெரிக்காவின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகமான யேல், தன் நிர்வாகக் குழுவுக்கு மனு மூலம் நிற்கும் வழியையே எடுத்துவிட்டது. அத்தனை பெரிய இடங்களிலேயே இப்படி என்றால், உங்கள் சங்கத்தின் விதித் திருத்தம் ஒரு பத்தரை மணிக் கூட்டத்தில் எவ்வளவு சுலபமாக நிறைவேறும் என்று யோசியுங்கள்.

கடைசியாக, யார் நிற்பது? 'மோத முடியாது' என்று ஒரு வரியில் இரண்டு தரம் தயங்குகிற நீங்கள் வேண்டாம். பொருளாளர் பதவிக்கு உங்கள் மனைவி நிற்கட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து குழுவில் உட்காருவதும் நல்லதில்லை. குடும்பச் சங்கம் ஆகிவிட்டது என்று நாளைக்கு உங்களைச் சொல்வார்கள், அது நியாயமாகவும் இருக்கும். முன்மொழிகிறவராகக்கூட உங்கள் பெயர் வேண்டாம். அந்தப் போட்டோவின் முன்வரிசையிலிருந்து இரண்டு பேரைக் கண்டுபிடித்து, அவர்களை உறுப்பினராக்கி, அவர்கள் முன்மொழிந்து வழிமொழியட்டும். சேர்ந்த உடனே ஓட்டுப் போடவோ போட்டியிடவோ முடியாது, இத்தனை மாதம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று சில சங்கங்களில் விதி உண்டு. ஆகவே படிவம் இந்த வாரமே போக வேண்டும்.

அந்தப் படிவத்தை நீங்கள் நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சந்தாவை உங்கள் மனைவி தன் கணக்கிலிருந்து கட்டட்டும். மின்னஞ்சல், கைப்பேசி எண் என்று கேட்கிற இடத்தில் அவருடையதை எழுதட்டும், வீட்டுக்கு எது வந்தாலும் ஒன்றுதானே என்று உங்களுடையதை எழுத வேண்டாம். இரண்டு ஓட்டுக்குமான இணைப்பு ஒரே போனுக்கு வந்து, இரண்டையும் நீங்களே அழுத்திவிட்ட கதையோடு எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.