பழைய பெட்டி: வாசகர் கேள்வியும் மெக்கானிக் பதிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றில் ஒரே வரி: "சும்மா ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், அண்ணாச்சி." செங்கோட்டைச் சாரலில் உட்கார்ந்து இதைப் படித்தால் எனக்கு மூக்கில் கருகல் வாசனை வந்துவிடுகிறது. சரி, நடந்தது நடந்துவிட்டது.

கேள்வி: தாத்தா திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் வாங்கிய வால்வு ரேடியோ முப்பது வருடமாகப் பரணில் கிடந்தது. பிளக்கில் செருகினேன். டயல் விளக்கு எரிந்தது. ஸ்டேஷன் எதுவும் வரவில்லை, 'கும்'மென்று ஒரே இரைச்சல். பயந்துபோய் அணைத்துவிட்டேன். உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு புளூடூத் போர்டு வைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், புளியரை)

பதில்: வேண்டாம் தம்பி. புளூடூத் வைத்தால் தாத்தாவின் சட்டையை மாட்டிய பொம்மைதான் மிஞ்சும். நீங்கள் உடனே அணைத்தது நல்ல காரியம். அந்தக் 'கும்' சத்தமே நோயைச் சொல்லிவிட்டது. கரண்டைச் சமப்படுத்தும் பெரிய கண்டன்சர் காய்ந்துபோயிருக்கிறது. நம் பக்கத்துப் பரண்களில் இதுதான் வேடிக்கை: உள்ளே ஈரமாக இருக்கவேண்டிய கண்டன்சர் காய்ந்துவிடும், உலர்ந்திருக்கவேண்டிய மெழுகுக் காகிதக் கண்டன்சர் சாரலைக் குடித்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. ஸ்பீக்கரை ஓட்டும் வால்வுக்கு (பல்பு போன்ற கண்ணாடிக் குழல்) முன்னால் அப்படி ஒன்று இருக்கும். அது கசிந்தால் வால்வின் உள்தகடு சிவக்கச் சிவக்கக் காயும். அப்படியே விட்டால், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். வால்வையாவது தேடிப் பிடித்துவிடலாம், அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியின் ஓட்டை வழியாக டார்ச் அடித்து வால்வுகளின் எண்ணைப் படியுங்கள். ஈசிஹெச்81, ஈஎல்84 என்று 'ஈ'யில் தொடங்கினால் பெரும்பாலும் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். யூசிஹெச், யூஎல் என்று 'யூ'வில் தொடங்கினால் அது ஏசி-டிசி செட். அதில் வீட்டுக் கரண்டின் ஒரு கம்பி நேரே இரும்புச் சட்டத்தில் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுக்கக் கரண்ட். குமிழைக் கழற்றிவிட்டு அதன் தண்டைத் தொட்டால் கையைப் பிடித்துக்கொள்ளும். அதை நீங்கள் திறக்கவே வேண்டாம், வால்வு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

'ஈ' செட்டாக இருந்தாலும் நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே ரேடியோவுக்குப் போகும்படி, போடவேண்டும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. பளிச்சென்று எரிந்து மங்கினால் மூச்சு விடலாம். 1989-இல் ஓர் ஆனி மாதம், அவசரத்தில் இந்தப் பல்பைப் போடாமல் ஒரு செட்டை ஓட்டிப் பார்த்தேன். புகை வந்தது. வேறொரு டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. ரேடியோவின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் 250 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கவேண்டும். மரப்பெட்டிக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். காப்பி டம்ளர் வட்டம் இருந்தால் இருக்கட்டும். ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் அது. அந்தப் புத்தகம் பரணில் அகப்பட்டால் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன். ரேடியோ பாடுகிறது, கேசட் சுற்றவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அப்பா அங்கிருந்து பேசி அனுப்பிய கேசட் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கவேண்டும். (வாசகி, ஆரியங்காவு)

பதில்: முதலில் அந்தக் கேசட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் அம்மா. கையில் எடுப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் தாராக உருகியிருக்கும். தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுக்கும், சோப்புக்கும் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, சக்கரத்தின் பள்ளம் முழுக்கத் துடையுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெயையும் அதோடு துடைத்தெடுங்கள். தலைக்கும் கறிக்கும் நல்லதுதான். ஆனால் மார்கழியில் உங்கள் வீட்டுப் பாட்டிலில் உறைந்து நிற்கும் எண்ணெய், சக்கரத்தின் அச்சில் மட்டும் உறையாதா?

பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதைவிடக் கொஞ்சம் சிறியதாகப் புதிய பெல்ட் வாங்குங்கள். ரப்பர் பேண்டு போட்டால் குரல் அலையும். டேப்பை அழுத்தும் ரப்பர் உருளை பளபளவென்று இறுகியிருந்தால் அது நாடாவைத் தின்னும், அதையும் மாற்றுங்கள். பின்னால் 110-220 வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருந்தால் 220-இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் யாருக்கும் வேண்டாத ஒரு கேசட்டை ஓட்டுங்கள். 60 கேசட் என்றால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அரை மணி ஓடவேண்டும். இரண்டு பக்கமும் சிக்காமல் ஓடிய பிறகு அப்பாவின் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. போடாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் அது ஒட்டும், நாடாவும் அறுந்துபோகலாம். அப்படியிருந்தால் எனக்கு எழுதுங்கள். பூஞ்சை இல்லையென்றால், கேட்கும் முதல் தடவையே போனிலோ கம்ப்யூட்டரிலோ பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் தடவை ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கேள்வி: பள்ளிக்கூடப் பழைய சாமான் ஏலத்தில் ஒரு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வாங்கினேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு பின்பக்கமிருந்து வெள்ளைப் புகை, தாங்க முடியாத நாற்றம். செத்துவிட்டதா? (ஆசிரியர், கடையநல்லூர்)

பதில்: சாகவில்லை சார், பெரும்பாலும். 1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 'கிளாஸ்' என்ற திட்டம் தொடங்கியபோது வந்த இனம் இது. வெறும் 32 கிலோபைட் நினைவகம். பவர் சப்ளையில் கரண்ட் நுழையும் இடத்தில் மஞ்சளாக, கண்ணாடி போன்ற உறையில் சின்னக் கண்டன்சர் இருக்கும். உறையில் மயிரிழை வெடிப்பு விட்டு, அதன் வழியே ஈரம் புகும். கரண்ட் கொடுத்ததும் பொசுங்கும். 'எக்ஸ்2' என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி தாங்கும் கண்டன்சரைத்தான் போடவேண்டும். சாதாரணக் கண்டன்சர் போட்டால் தீப்பிடிக்கும். அதன்பிறகு போர்டில் சேர்க்குமுன் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றம் மட்டும் சில நாள் அறையில் இருக்கும், வீட்டில் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பழைய டிவி கேமில் கேசட்டை ஊதி ஊதிப் போட்டால்தான் வேலை செய்கிறது. ஏன்? (மாணவர், தென்காசி)

பதில்: ஊதியதால் இல்லை, மறுபடி செருகியதால். எச்சில் ஈரம் கேசட்டின் செம்புப் பற்களைக் கறுக்க வைக்கும். பென்சில் அழிப்பானால் மெதுவாக ஒரு தடவை தேய்த்துவிட்டு, ஆல்கஹாலில் துடையுங்கள்.