பையனை சினிமா படிக்க வைக்க 12 லட்சம் லோன் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க திண்டுக்கல். நான் ஒரு தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், சம்பளம் 22,000. வீட்டுக்காரர் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வச்சிருக்கார், ஒரு மாசம் 50 வரும் ஒரு மாசம் 20தான் வரும், சராசரியா 35,000ன்னு வச்சுக்கலாம். எல்லா செலவும் போக மாசம் 17,000 மிஞ்சும். எஃப்டி 5 லட்சம், நகை 18 பவுன், சொந்த வீடு இருக்கு, கடன் எதுவும் இல்ல. பையன் ப்ளஸ் டூ முடிச்சுட்டு சினிமாதான் படிப்பேன்னு நிக்கிறான். சென்னையில ஒரு தனியார் அகாடமியில பி.எஸ்சி ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் புரொடக்‌ஷன், வருஷத்துக்கு 4 லட்சம், 3 வருஷம், ஹாஸ்டல் மாசம் 9,000 தனி. முழுசுக்கும் லோன் வாங்கித் தர்றேன், முடிச்சதும் பையனே கட்டிடுவான்னு கன்சல்டன்ட் சொல்றார். வீட்டை வச்சு வாங்கலாம்னு என் தம்பி சொல்றான், நகையை வைக்கலாமான்னு நான் யோசிக்கிறேன். பொண்ணு இப்ப எட்டாவது படிக்கிறா. என்ன பண்றது?

பதில்: வணக்கம்க்கா. பையன் சினிமா படிக்கலாமா வேணாமாங்கிறதுக்குள்ள நான் போகல, அது உங்க வீட்டு முடிவு. படிக்கட்டும்னே வச்சுக்கிட்டு பேசுவோம். என் கவலை வேற, நீங்க கையில இருக்கிறது எல்லாத்தையும் ஃபீஸுக்கே கொட்டப் பாக்குறீங்க, ஆனா இந்த ஃபீல்டுல பணம் நிஜமா தேவைப்படுறது படிப்பு முடிஞ்ச அடுத்த ரெண்டு மூணு வருஷத்துலதான். அத யாரும் உங்ககிட்ட சொல்லலைன்னு லெட்டரைப் படிச்சாலே தெரியுது.

முதல்ல அந்த 12 லட்சக் கணக்கைப் பாத்துருவோம். வருஷத்துக்கு 4 லட்சமா பேங்க் ரிலீஸ் பண்ணுது, 11% வட்டின்னு வைங்க. படிக்கிற 3 வருஷம், அதுக்கப்புறம் ஒரு வருஷம் டைம், ஆக 4 வருஷம் நீங்க எதுவும் கட்ட வேணாம். ஆனா வட்டி சும்மா இருக்காது, முதல் 4 லட்சத்துக்கு 1.76 லட்சம், ரெண்டாவதுக்கு 1.32, மூணாவதுக்கு 88 ஆயிரம், மொத்தம் கிட்டத்தட்ட 4 லட்சம் ஏறி நிக்கும். அசலோட சேந்து 16 லட்சத்துக்கு இஎம்ஐ ஆரம்பிக்கும், 10 வருஷம்னா மாசம் 22,000, 15 வருஷம்னு இழுத்தாலும் 18,000. உங்களுக்கு மிஞ்சுறதே 17. இன்னொண்ணு கவனிங்க, பொண்ணு இப்ப எட்டாவது, இந்த இஎம்ஐ ஆரம்பிக்கிற நேரமும் அவ ப்ளஸ் டூ முடிக்கிற நேரமும் ஒண்ணாத்தான் வந்து நிக்கும். அவளுக்கு அப்போ என்ன வச்சிருக்கப் போறீங்க?

பையனே கட்டிடுவான்னு சொல்றதைக் கேட்டு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. டைரக்‌ஷன் பக்கம் போனா அசிஸ்டண்டா சேரணும், அங்க பெரும்பாலும் மாசச் சம்பளம்னு ஒண்ணு கிடையாது, ஷூட்டிங் நடக்கிற நாளுக்கு பேட்டாங்கிற தினப்படி, யூனிட் சாப்பாடு, அவ்ளோதான். படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆறு மாசம் கதை டிஸ்கஷன் போகும், அதுக்குக் காசு வருமா வராதாங்கிறது கம்பெனியைப் பொறுத்தது. ப்ரொட்யூசர் கையில காசு இல்லாம படம் பாதியில நின்னா உங்க பையனும் நிக்க வேண்டியதுதான், அவன் மேல தப்பே இருக்காது. எடிட்டிங், சவுண்ட், டிஐ (எடுத்த படத்தோட கலரைச் சரிபண்ற வேலை), விஎஃப்எக்ஸ் (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) பக்கம் போனவங்களுக்கு கொஞ்சம் சீக்கிரம் காசு பாக்க முடியுது. டிவி சீரியல் யூனிட்ல மாசத்துல நிறைய நாள் ஷூட் இருக்கும், அதனால பேட்டாவும் ஓரளவு ஒழுங்கா வரும், ஆனா படிச்சுட்டு வர்ற பசங்க பாதிப்பேருக்கு சீரியல்னா இளக்காரம், அது தனிக்கதை.

என்கிட்ட ஐடி ரிட்டர்ன் போட வர்ற ஒரு எடிட்டர் தம்பியோட பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒருநாள் வரி வரியா பாத்தேன். ஜூன்ல ஒரு விளம்பரப்பட வேலைக்கு 40,000, ஜூலையும் ஆகஸ்ட்டும் ஒண்ணுமே இல்ல, செப்டம்பர்ல ரெண்டு கல்யாண வீடியோ கட் பண்ணி 16,000, அக்டோபர்ல மறுபடி காலி, நவம்பர்ல எப்பவோ முடிச்ச படத்தோட பாக்கி 60,000. வருஷத்தைக் கூட்டிப் பாத்தா மோசமில்ல. ஆனா பேங்க் ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி இஎம்ஐ எடுக்கும், ஜூலைல எதை எடுக்கும்? செக் பவுன்ஸ் சார்ஜும் பெனால்டியும்தான். எஜுகேஷன் லோன்ல நீங்களோ உங்க வீட்டுக்காரரோ கோ-அப்ளிகன்ட், அதாவது அவனோட சேந்து கடன் வாங்குறவங்க, அவன் கட்டலைன்னா சிபில்ங்கிற கடன் மதிப்பெண் அடி வாங்குறது உங்களுக்கும்தான், நாளைக்கு கடைக்கு ஒரு மெஷின் லோன் போட்டாக்கூட இது குறுக்க வரும்.

இன்னும் ஒண்ணு, கோர்ஸ் யார் கொடுக்கிற டிகிரின்னு எழுத்துல கேளுங்க. யுஜிசி அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டி டிகிரியா, இல்ல அகாடமியே அச்சடிச்சுக் கொடுக்கிற டிப்ளமோவா? பேங்குகளோட எஜுகேஷன் லோன் திட்டம் அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான். அதுல 7.5 லட்சம் வரைக்கும் பொதுவா சொத்து அடமானம் கேக்க மாட்டாங்க, அதுக்கு மேல போனா பெரும்பாலும் சொத்து கேப்பாங்க, அப்ப 12 லட்சம்னா வீட்டுப் பத்திரம் உள்ள போக வாய்ப்பு அதிகம். பத்திரமே வேணாம், நாங்க பாத்துக்கிறோம்னு கன்சல்டன்ட் சொன்னார்னா அது ஃபைனான்ஸ் கம்பெனி லோனாத்தான் இருக்கும், வட்டி கூட, சில இடத்துல படிக்கும்போதே கட்டச் சொல்வாங்க. வட்டி மானியமும் உங்களுக்கு சிரமம், மத்திய அரசோட பழைய திட்டத்துக்கு குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், உங்களுக்கு 6.84 லட்சம் வருது. 2024ல வந்த பிஎம் வித்யாலக்ஷ்மியில 8 லட்சம் வருமானம் வரைக்கும் 10 லட்சம் லோனுக்கு 3% வட்டிச் சலுகை இருக்கு, ஆனா காலேஜ் அவங்க லிஸ்ட்ல இருக்கணும், அந்த அகாடமி இருக்கான்னு போர்ட்டல்லயே தேடிப் பாத்துடுங்க.

தம்பி சொல்ற வீட்டு அடமானம் வேணவே வேணாம். அதுல படிப்பு முடியிற வரைக்கும் டைம் எல்லாம் கிடையாது, வாங்கின அடுத்த மாசமே இஎம்ஐ. நகைக்கடனும் இதுக்கு ஒத்து வராது, மொத்தமா திருப்புற மாதிரி எடுத்தா 12 மாசத்துல அசலும் வட்டியும் கட்டணும், 3 வருஷப் படிப்புக்கு வருஷா வருஷம் புரட்டிக்கிட்டே இருக்கணும். 18 பவுன் இருக்கட்டும்க்கா, பொண்ணு இருக்கா.

அப்ப என்ன பண்ணலாம்னா, முதல் விண்ணப்பம் தரமணிக்குப் போடுங்க. எம்ஜிஆர் அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், அந்தக் காலத்து அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், பி.சி. ஸ்ரீராம் எல்லாம் படிச்ச இடம். 4 வருஷ டிகிரி, இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோட சேந்தது, டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, சவுண்ட், எடிட்டிங், அனிமேஷன், டிஐன்னு தனித்தனி பிரிவு. அரசு ஃபீஸ்ங்கிறதால நீங்க சொன்ன தொகைக்குப் பக்கத்துலகூட வராது. சீட் கம்மி, போட்டி அதிகம், கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது, ஆனா விண்ணப்பமே போடாம 12 லட்சம் கட்டுறது நியாயமில்ல. செய்தி மக்கள் தொடர்புத் துறை வெப்சைட்ல அறிவிப்பு வரும், பாத்துக்கிட்டே இருங்க, வயசு வரம்பையும் படிச்சுக்கோங்க.

அங்க கிடைக்கலைன்னா மதுரை, திருச்சி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்). வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குள்ள முடியிற காலேஜ் இருக்கு, விசாரிச்சா கிடைக்கும். மூணு வருஷம் கேமரா, எடிட் சாஃப்ட்வேர் எல்லாம் பழகட்டும், அப்பா கடையிலேயே டிசைன் வேலை பாக்கட்டும், அதுவும் கைத்தொழில்தானே. டிகிரி முடிச்சதும் மத்திய அரசோட ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுகளான புனே எஃப்டிஐஐ, கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட் என்ட்ரன்ஸ் எழுதலாம், அங்க ஃபிலிம் கோர்ஸுக்கு எப்படியும் டிகிரி வேணும். அதுக்குள்ள டைரக்‌ஷனா எடிட்டிங்கா எதுல மனசு நிக்குதுன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கும், 17 வயசுல எல்லாருக்கும் டைரக்டர் ஆசைதான்.

இந்த வழியில போனா ஃபீஸுக்கு எஃப்டியில இருந்து 3 லட்சம் போதும், 2 லட்சத்தை வீட்டு அவசரத்துக்குன்னு தொடாம வைங்க. ஹாஸ்டல் 7, 8 ஆயிரம் போனாலும் மாசம் 6,000 ரெக்கரிங் டெபாசிட் (ஆர்டி) போட முடியும், 3 வருஷத்துல வட்டியோட 2.4 லட்சம் பக்கம் வரும். அதுதான் பையனோட நிஜமான சினிமா ஃபண்ட். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் நாலு பசங்களோட ரூம் எடுத்துத் தங்கி, மாசம் 10,000 வாங்கிக்கிட்டு ரெண்டு வருஷம் அசிஸ்டண்டா ஓட அந்தப் பணம் தாங்கும். பெப்சிங்கிற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்துல இருக்கிற சங்கத்துல உறுப்பினர் கார்டு எடுக்கணும்னா அதுக்கும் பணம் கட்டணும், சங்கத்துக்கு சங்கம் தொகை வேற, அந்த நேரத்துல கையில காசு இல்லாம வாய்ப்பை விட்டவங்க இருக்காங்க.

இல்ல சார், அந்த அகாடமிதான்னு பையன் உறுதியா நின்னா, லோன் 6 லட்சத்தைத் தாண்ட வேணாம். அதுவும் படிக்கும்போதே மாசாமாசம் வட்டி மட்டும் கட்டிட்டு வாங்க, வருஷம் 2 லட்சமா எடுத்தா முதல் வருஷம் மாசம் 1,800 சொச்சம், ரெண்டாவது 3,700, அதுக்கப்புறம் 5,500. இப்படி கட்டினா நிறைய பேங்க்ல 1% வட்டி குறைப்பாங்க, கேட்டு வாங்குங்க. பின்னாடி 10 வருஷத்துக்கு இஎம்ஐ 8,300தான் வரும், பையன் ஒரு ரூபா தராட்டியும் நீங்க ரெண்டு பேரும் கட்டலாம். மீதி 6 லட்சத்துக்கு எஃப்டி மொத்தமும் போய் இன்னும் ஒரு லட்சம் துண்டு விழும், ஹாஸ்டலும் வட்டியும் போக ஆர்டி போட காசு இருக்காது, அதாவது படிச்சு முடிக்கும்போது அவனுக்குக் கொடுக்க உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. இதை அவனை உக்கார வச்சு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க, பெரியவன்தானே.

அகாடமி ஃபீஸ் சீட்டுல இல்லாத செலவு ஒண்ணு இருக்கு, கடைசி வருஷப் படம். லேப்டாப், ரெண்டு மூணு ஹார்ட் டிஸ்க் முதல் வருஷமே வாங்கிடுவான், ஆனா டிப்ளமோ ஃபிலிம்னு வரும்போது லைட் வாடகை, லென்ஸ் வாடகை, லொகேஷன் வீட்டுக்காரருக்கு ஒரு தொகை, நடிக்க வர்றவங்களுக்கு வண்டிச் செலவு, இருபது பேருக்கு மூணு வேளை சாப்பாடு, இதெல்லாம் பசங்க தலையிலதான் விழும். கேமராவும் எடிட் சூட்டும் காலேஜ் தருமா, எத்தனை நாளைக்குத் தரும்னு இப்பவே கேளுங்க. 100% ப்ளேஸ்மெண்ட்னு சொன்னா போன வருஷம் முடிச்சவங்க அஞ்சு பேர் நம்பர் வாங்கி பையனையே பேச வைங்க.

வரி விஷயம் சுருக்கமா. எஜுகேஷன் லோன் வட்டிக்குக் கழிவு பழைய ரெஜீம்ல, அதாவது பழைய வரி முறையில மட்டும்தான், உங்க வருமானத்துக்கு அதை நம்பி எதுவும் பண்ண வேணாம். ஆனா பையன் ஃப்ரீலான்ஸா சம்பாதிக்க ஆரம்பிச்சதும் கம்பெனிக்காரங்க பெரும்பாலும் 10% டிடிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிச்சுட்டுத்தான் தருவாங்க, வருமானம் வரி கட்டுற அளவு இல்லைன்னா ரிட்டர்ன் போட்டு மொத்தமா திருப்பி வாங்கலாம். நிறைய பசங்க இதைப் பண்ணாம விட்டுடறாங்க.

சீட் பிளாக் பண்ண 50,000, 25,000ன்னு கன்சல்டன்ட் அவசரப்படுத்துவார். தரமணி லிஸ்ட் வர்ற வரைக்கும் கட்டாதீங்க, கட்டியே ஆகணும்னா சேரலைன்னா எவ்வளவு திருப்பித் தருவீங்கன்னு அகாடமி லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிட்டு, அகாடமி அக்கவுண்ட்டுக்கு மட்டும் அனுப்புங்க, கன்சல்டன்ட் ஜிபேக்கு இல்ல.